புதுப்பிப்பு: குர்த்தி விற்பனையை நிறுத்தியாச்சு, மறுபடி ரவிக்கைதான்

தையலைக் குறைத்துக்கொண்டு இணையத்தில் ரெடிமேட் குர்த்தி விற்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். விற்றுப் பார்த்தோம். இப்போது அதை நிறுத்திவிட்டு, நானும் அக்காவும் மறுபடி ரவிக்கை தைக்கிறோம்.

விலைதான் முதல் காரணம். 2023இலிருந்து வெளிநாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு நேராக வரும் 400 வெள்ளிக்கு (டாலருக்கு) உட்பட்ட சரக்குக்கும் ஜிஎஸ்டி உண்டு, 2024இல் அது 9 விழுக்காடும் ஆகிவிட்டது, ஆனாலும் அந்த வெளிநாட்டு விற்பனையாளர்கள் விலைக்கு நம்மால் இறங்க முடியாது. அப்புறம் இந்த சைஸ் தொல்லை! ஒரு கம்பெனி எம் இன்னொரு கம்பெனியில் எல்.

ரவிக்கைக்கு அந்தப் பிரச்சினையே இல்லை, அளவு ரவிக்கையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கைக்குழியை மட்டும் கொஞ்சம் இறக்குங்கள், கழுத்து போன தடவை மாதிரி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தீபாவளி நெருங்கினால் தலை தூக்க நேரமிருக்காது. மற்ற மாதங்களில் சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, பிரித்துத் தைப்பது என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும்.

தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் கடை எடுக்கவில்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை, வாடகை கட்டாது. வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலேயே தைக்கலாம், ஆனால் விளம்பரப் பலகை மாட்டக்கூடாது, வெளியாள் வைக்கக்கூடாது. அக்கா எங்களோடுதான் இருக்கிறார், அதனால் சரி.

மிச்சமிருக்கும் குர்த்திகளை வாங்கின விலைக்கே தள்ளுகிறோம். இடுப்பைப் பிடித்துத் தரவேண்டுமென்றால் அதற்குத் தனிக்காசு.