உருவப்பட ரீடச்சிங் (எடுத்த படத்தைத் திருத்துதல்): வாடிக்கையாளரின் விருப்பத்துக்கு எதுவரை இணங்குவது?

வினா

ஆறு ஆண்டுகளாக உருவப்படம் எடுப்பதைத் தொழிலாகச் செய்து வருகிறேன். அண்மையில், ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் கண்ணோரச் சுருக்கங்களை முழுவதும் நீக்கி, தாடையையும் சற்று ஒடுக்கித் தரும்படி கேட்டார். தயக்கத்தோடு செய்து கொடுத்தேன்; அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இதுவரை மூன்று பேர் ‘அதேபோல் வேண்டும்’ என்று வந்திருக்கிறார்கள். என் பெயரைப் போடக் கூசுகிற படமே எனக்கு வேலை தேடித் தருகிறது. இத்தொழிலில் இருப்பவர்கள் எல்லையை எங்கே வகுத்துக்கொள்கிறீர்கள்?

பதில் 1

இரண்டு வாரங்களில் தானாக மறையக்கூடிய பரு, கீறல், தூக்கமின்மையால் வந்த கருவளையம் ஆகியவற்றைக் கேட்காமலே நீக்குகிறேன். மச்சம், தழும்பு போன்ற நிலையான அடையாளங்களை அவர்களாகச் சொன்னாலொழியத் தொடுவதில்லை. சுருக்கங்களை அழிப்பதற்குப் பதிலாக, மூலப் படத்தின் மேல் தனி லேயரில் (அடுக்கில்) திருத்திவிட்டு, அந்த அடுக்கு அடியிலுள்ளதை மறைக்கும் அளவான ஒபாசிட்டியைப் பாதியாகக் குறைத்தால், வயது தெரியும், களைப்பு தெரியாது. ஃப்ரீக்வென்சி செபரேஷன் (நிறம்-நிழலையும் தோலின் நுண்விவரத்தையும் இரு லேயர்களாகப் பிரித்துத் திருத்தும் முறை) செய்பவர்கள் நிறமும் நிழலும் உள்ள கீழ் லேயரை அளவுக்கு மீறி மங்கலாக்கும்போதுதான், மேலே தோலின் நுண்துளைகள் அப்படியே இருந்தும் முகம் மெழுகுபோல் ஆகிறது. நான் பெரும்பாலும் டாட்ஜ் அண்ட் பர்ன் (சிறுசிறு இடங்களை வெளிச்சமாக்கியும் இருளாக்கியும் சரிசெய்யும்) முறையிலேயே வேலை செய்கிறேன். நேரம் பிடிக்கும், ஆனால் கன்னத்தின் மேடுபள்ளம் கெடாது. இன்னொன்று, 200 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் யார் முகத்திலும் குறை தெரியும். அந்தப் பழக்கத்தை விட்டாலே பாதி வேலை குறைந்துவிடும்.

பதில் 2

கைநுணுக்கம் பற்றி மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் திருத்தாத படமே உண்மையானது என்ற எண்ணம் கேள்வியிலும் பதிலிலும் ஒளிந்திருக்கிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. 30 செ.மீ. தொலைவிலிருந்து எடுத்தால் மூக்கு பெருத்துக் காதுகள் பின்வாங்கும். அதே முகம் ஒன்றரை மீட்டருக்கு அப்பாலிருந்து எடுக்கும்போது இயல்பாகத் தெரியும். பக்கவாட்டிலிருந்து விழும் கடுமையான ஒளி, எதிரில் அமர்ந்து பேசுபவரின் கண்ணுக்குப் படாத சுருக்கங்களையும் செதுக்கிக் காட்டும். ஆகவே ‘சுருக்கத்தை எடுத்துவிடுங்கள்’ என்று வாடிக்கையாளர் கேட்பது பல நேரங்களில் நாம் வைத்த ஒளியைப் பற்றிய புகாராகவே இருக்கிறது. ஒளியை மென்மையாக்கிச் சற்று விலகி நின்று எடுத்தால் அந்தக் கோரிக்கையே எழாமல் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். திருத்துவதைப் பற்றிய இந்தப் பேச்சு கணினியோடு வந்ததும் அல்ல. 1855 பாரிஸ் உலகக் கண்காட்சியிலேயே ஜெர்மானியப் புகைப்படக்காரர் ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டேங்கல் ஒரே உருவப்படத்தைத் திருத்தியும் திருத்தாமலும் இரு பிரதிகளாக வைத்துக் காட்டியிருக்கிறார்.

பதில் 3

படம் எங்கே பயன்படப்போகிறது என்பதை முதலில் கேட்டுவிடுங்கள். வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு அதில் இருப்பவரின் விருப்பமே பெரிது. வேலைக்கு விண்ணப்பிக்கும் படமென்றால், நேரில் பார்ப்பவர் அடையாளம் காண முடியாதபடி திருத்துவது அவருக்கே கேடு. விளம்பரமென்றால் சில நாடுகளில் சட்டமே குறுக்கிடும்: விளம்பரப் படத்தில் மாடலின் உடலமைப்பை மாற்றினால் அதைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி பிரான்சில் 2017 அக்டோபர் முதல் இருக்கிறது, நார்வேயில் 2022 ஜூலை முதல் தோலைத் திருத்துவதற்கும் அது பொருந்தும். நான் முன்பணம் வாங்கும்போதே, திருத்திய அளவு வெவ்வேறாக உள்ள இரண்டு மாதிரிப் படங்களைக் காட்டி, எது வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்கிறேன். அதற்குப் பிறகு சச்சரவு வருவது அரிது.

வினவியவர்

அனைவருக்கும் நன்றி. அந்தப் படத்தை மீண்டும் திறந்து பார்த்தேன். ஒளி இடப்பக்கத்திலிருந்து மிகக் கடுமையாகத்தான் விழுந்திருக்கிறது. காத்திருக்கும் மூவரில் இருவருக்கு ஒளியை மாற்றி எடுத்து, திருத்தாத படத்தையே முதலில் காட்டப்போகிறேன். மூன்றாமவர் அந்த ஒடுங்கிய தாடையைத்தான் கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வதென்று இன்னும் முடிவு செய்யவில்லை.