அமெரிக்கக் கட்டடக் கலைஞர் எச். எச். ரிச்சர்ட்சனின் கட்டடங்களில் உங்களுக்கு மறக்க முடியாத கணம் எது?

கேம்பிரிட்ஜ்வாசி:
ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அவர் வரைந்த வகுப்புக் கட்டடமான செவர் ஹாலின் வாசல் வளைவில்தான் அந்தக் கணம். வளைவின் ஒரு காலில் முகத்தை ஒட்டி நின்று என் மகள் "அப்பா, கேக்குதா?" என்று முணுமுணுத்தாள், எதிர்க்காலில் செங்கல்லில் காதை வைத்திருந்த எனக்கு அவள் மூச்சு வாங்கியதுகூடக் கேட்டது. ஒலி அந்தச் செங்கல் வரிகளின் குழிவைப் பிடித்துக்கொண்டே ஏறி இறங்குகிறது. 1880இல் முடிந்த அந்த வளைவை ரிச்சர்ட்சன் இதற்காகவே அமைத்தாரா என்ற கேள்வி இன்னும் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

மழைக்கால நடையர்:
இதற்காகவே அமைத்தார் என்பதை நான் ஏற்கவில்லை. அவருடைய கவனமெல்லாம் எடையில் இருந்தது. அவர் வரைந்த பாஸ்டன் டிரினிட்டி தேவாலயம் நிற்பது சதுப்பைத் தூர்த்த மண்ணில். ஏறத்தாழ 4,500 மரக்கழிகள் அதைத் தாங்குகின்றன, நிலத்தடி நீர் இறங்கினால் அவை மக்கிவிடும். முதலில் வரைந்த கோபுரம் அந்த மண்ணுக்குக் கனம் என்று தெரிந்ததும் அதை மாற்றி வரைந்தார். மழையில் அதன் சுவரைத் தொட்டபடி, காலுக்கடியில் அத்தனை மரமும் நீரில் மூழ்கியிருப்பதை நினைத்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

பிட்ஸ்பர்க்கிலிருந்து:
இருவரும் வளைவையும் கழியையும் பேசுகிறீர்கள். எனக்கு உறுத்துவது ஒரு கதவு. இங்கே அவர் வரைந்த மாவட்ட நீதிமன்றத்துக்குள் தாழ்வான வாசல் வழியாக நுழைந்து, இவ்வளவுதானா என்று ஏமாந்தேன். வெளியே வந்து நிமிர்ந்தால், உண்மையான வாசல் வளைவுகள் ஒரு மாடி உயரத்தில் நின்றன. கிராண்ட் தெருவைப் பின்னாளில் வெட்டித் தாழ்த்தியதால் அடித்தளமே வாசலாகிவிட்டதாம்.

ஆகவே போகிறவர்கள் தெருமுகப்பிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் நடுமுற்றத்தில் நின்று கோபுரத்தைப் பாருங்கள், பிறகு உள்ளே கல்வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் பெரிய படிக்கட்டில் மெதுவாக நடங்கள், கடைசியாக ராஸ் தெருவுக்கு மேலே நீதிமன்றத்தையும் பழைய சிறையையும் இணைக்கும் கல்பாலத்தைக் கீழிருந்து பாருங்கள். 1886 ஏப்ரலில், 47 வயதில், சிறுநீரக நோயால் ரிச்சர்ட்சன் இறந்தபோது இந்த நீதிமன்றம் முடிந்திருக்கவில்லை, 1888இல்தான் முடிந்தது. சிகாகோவில் அவர் வரைந்த மார்ஷல் ஃபீல்டு மொத்த விற்பனைக் கிடங்கை 1930இல் இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். பிட்ஸ்பர்க் வருவதைத் தள்ளிப்போடாதீர்கள். வேலைநாளில் வந்தால்தான் படிக்கட்டு வரை போக முடியும்.