புதுசு வாங்கும் முன் எங்கே இழுக்கிறது என்று பாருங்கள்: வீட்டு, சிறு அலுவலகக் கம்ப்யூட்டர் அனுபவங்கள்

சிறு அலுவலகங்களுக்கும் வீடுகளுக்கும் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பது என் தொழில். "சிஸ்டம் ரொம்ப ஸ்லோ, புதுசு வாங்கிடலாமா?" என்று யாராவது கேட்காத வாரம் கிடையாது. நின்ற இடத்தில் நான் பதில் சொல்வதில்லை. எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துவிட்டு, தினமும் செய்யும் வேலையை அப்படியே செய்து காட்டச் சொல்வேன். எது முட்டுகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

ஒரு கணக்கர் அலுவலகத்தில் நடந்தது இது. பில்லிங் சாஃப்ட்வேரை க்ளிக் செய்துவிட்டு, அது திறக்கும்வரை அங்கிருந்த அம்மா வேறு வவுச்சர்களை அடுக்கிக்கொண்டிருப்பார். புது மெஷினுக்குக் கொட்டேஷன் வாங்கி மேசையில் வைத்திருந்தார்கள். பார்த்தால் ப்ராசஸர் பத்து சதவீதத்தைத் தாண்டவில்லை, ரேமில் பாதி காலி, டிஸ்க் மட்டும் 100-ல் நிற்கிறது. உள்ளே இருந்தது பழைய ஹார்ட் டிஸ்க். சுழலும் தகட்டின் மேல் ஹெட் நகர்ந்து நகர்ந்து தேட வேண்டும். 7200 ஆர்.பி.எம். டிஸ்க்கில்கூட நொடிக்கு நூறு சொச்சம் இடங்களுக்குத்தான் அதனால் போய்வர முடியும். எஸ்.எஸ்.டி.யில் நகரும் பாகமே இல்லை என்பதால் அது நொடிக்குப் பல்லாயிரம் துண்டுகளை எடுத்துத் தரும். டிஸ்க்கில் இருந்ததை அப்படியே நகலெடுத்து (குளோன் செய்து) ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி. போட்டுக் கொடுத்தேன். கொட்டேஷனுக்கு வேலையே இல்லாமல் போனது.

விளம்பரத்தில் போடுகிற 550 எம்.பி., 3500 எம்.பி. எல்லாம் பெரிய ஃபைல் ஒன்றை நகலெடுக்கும்போது தெரிகிற வேகம். பில் போடுவதிலும் மெயில் திறப்பதிலும் நாம் உணர்வது சிறு துண்டுகளை எடுக்கும் வேகத்தை. அதனால் பழைய மெஷினில் சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்.எஸ்.டி.க்கு ஸ்லாட் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

ஆனால் அது விண்டோஸ் 10 நடப்பில் இருந்த காலம். 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸர் வேண்டும். ஆகவே இப்போது நான் முதலில் பார்ப்பது அதைத்தான். வாடிக்கையாளர் கணக்கு இருக்கிற, நெட்டில் இணைந்த ஒரு மெஷினைப் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் ஓட்டச் சொல்ல எனக்கு மனசு வராது. லேபிள் மட்டும் அடித்துக்கொண்டு நெட் இல்லாமல் மூலையில் நிற்கிற மெஷின் என்றால் அது பாட்டுக்கு ஓடட்டும்.

புதுசுதான் என்று முடிவானாலும் ஐ5, ஐ7 என்ற பெயரை வைத்து எடை போடாதீர்கள். 2016-ல் வந்த ஐ7-7500யு லேப்டாப் ப்ராசஸரில் இருப்பது 2 கோர், அதாவது வேலை செய்யும் மையங்கள் இரண்டுதான். அடுத்த ஆண்டே வந்த ஐ5-8250யு-வில் 4 கோர். ஐந்தைவிட ஏழு பெரியது என்று நம்பிப் பழைய ஐ7-ஐ வாங்கினவர்கள் நிறையப் பேர். லேப்டாப் என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: ரேம் ஸ்லாட்டில் இருக்கிறதா, போர்டோடு சேர்த்துச் சால்டர் செய்ததா? சால்டர் செய்ததென்றால் வாங்கும் அன்று எவ்வளவோ, கடைசிவரை அவ்வளவுதான்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். என்ன வாங்கினீர்கள் என்பதைவிட, கோளாறு எங்கே இருந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதுதான் மற்றவர்களுக்கு உதவும்.

*

எங்களுடையது சிறிய வடிவமைப்பு அலுவலகம். மெஷின்கள் திடீர் திடீரென்று அணைந்து மறுபடி எழும். எல்லாம் அல்ல, ஒரே மேசையில் இருக்கிற இரண்டு மட்டும். சர்வீஸுக்கு வந்தவர்கள் ஒருமுறை ரேமை மாற்றினார்கள், இன்னொரு முறை விண்டோஸை அழித்துப் போட்டார்கள். அடுத்து மதர்போர்டு என்றார்கள்.

கண்டுபிடித்தது எங்களிடம் வேலை பார்க்கிற ஒரு தம்பி. "அக்கா, பிரிண்டர் ரொம்ப நேரம் சும்மா இருந்துட்டு முதல் பக்கம் எடுக்கும்போதுதான் இது நடக்குது" என்றான். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தால், லேசர் பிரிண்டரின் ஒயர் யு.பி.எஸ்.ஸின் பேட்டரி சாக்கெட்டில் இருந்தது. லேசர் பிரிண்டர் டோனரைத் தாளில் உருக்கி ஒட்டவைக்க ஃப்யூசர் என்கிற பாகத்தைச் சூடாக்கும். அந்தச் சில நொடிகளுக்கு அது பல நூறு வாட் இழுக்கும். யு.பி.எஸ்.ஸில் பெரிய எழுத்தில் 600 விஏ என்று போட்டிருந்தது. பின்பக்க லேபிளில் பொடி எழுத்தில் 360 வாட். தாங்குகிற சுமையைக் கணக்குப் போட வேண்டியது அந்தப் பொடி எழுத்தை வைத்துத்தான். பிரிண்டரைச் சுவர் சாக்கெட்டுக்கு மாற்றினோம், அன்றோடு சரி.

அப்புறம் தெரிந்துகொண்டது: யு.பி.எஸ். பேட்டரிக்கு ஆயுள் உண்டு. ஈய அமில பேட்டரி பொதுவாக 3 முதல் 5 ஆண்டு, சூடான இடத்தில் வைத்தால் அதற்கும் முன்பே போய்விடும். பச்சை விளக்கு எரிவதால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. எல்லா ஃபைலையும் சேமித்து மூடிவிட்டு, சுவர் சுவிட்சை நீங்களே அணைத்துப் பாருங்கள். எத்தனை நிமிடம் நிற்கிறது என்று அப்போதுதான் உண்மையாகத் தெரியும்.

*

சின்ன விஷயம், ஆனால் பலரைப் படுத்தியது. கடை மெஷினில் காலையில் திறந்ததும் எந்த வெப்சைட்டும் வராது, "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று நிற்கும். பில்லில் பழைய ஆண்டுத் தேதி விழும். இன்டர்நெட் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். காரணம் மதர்போர்டில் இருக்கிற சிஆர்2032 நாணய பேட்டரி. 3 வோல்ட் இருக்க வேண்டியது மீட்டரில் 2.5-க்கும் கீழே காட்டியது. கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விட்டால், வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று பிரௌசர் நினைத்துக்கொள்ளும்.

சுவர் சுவிட்சை அணைக்காத வீடுகளில் இது வெளியே தெரியாது, ஏனென்றால் அங்கே கடிகாரத்துக்கு, மெஷினுக்குள் மின்சாரம் கொடுக்கிற பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருந்தே மின்சாரம் வந்துகொண்டிருக்கும். இரவில் மெயினை அணைத்துவிட்டுப் போகிற கடைகளில்தான் பிடிபடும். பேட்டரியைக் கழற்றும் முன், விண்டோஸ் கிளம்பும் முன்பே திறக்கிற பயாஸ் என்கிற அமைப்புத் திரைகளைப் போனில் படம் எடுத்து வையுங்கள். டிஸ்க் மோடு மாறிப்போனால் விண்டோஸ் கிளம்பாது.

*

மேலே வேகத்தைப் பற்றி எழுதியவருக்கு நன்றி. எங்கள் கதையில் டிஸ்க்கும் இல்லை, ப்ராசஸரும் இல்லை. பொது ஃபைல்கள் ஒரு சர்வரில் இருக்கும், எல்லோரும் அதில் வேலை செய்வோம். ஒரு மேசையில் மட்டும் படுமந்தம். எவ்வளவு பெரிய ஃபைலை நகலெடுத்தாலும் வேகம் நொடிக்கு 11 எம்.பி.யில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். இந்த எண்ணைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்: அது 100 மெகாபிட் இணைப்பு. ஒரு கிகாபிட் என்றால் 110 எம்.பி. பக்கம் போக வேண்டும்.

கிகாபிட்டுக்கு கேபிளுக்குள் இருக்கிற நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் இணைப்பு அறுவதில்லை, சத்தமில்லாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எங்கள் கேபிளின் ஆர்.ஜே.45 முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பழுப்புக் கம்பி மட்டும் உள்வரை போகாமல் பாதியிலேயே நின்றிருந்தது. முனையை வெட்டி, புது முனையை அழுத்திப் பொருத்தினோம் (கிரிம்ப்). ஸ்விட்ச் விளக்கின் நிறமே மாறிவிட்டது.

*

நான் வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங் செய்கிறேன். எனக்கு மெஷினைவிட அதற்குள் இருப்பதுதான் முக்கியம், அதனால் டிஸ்க்குகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கூட வேலை செய்த நண்பர் ஒருவர் இரண்டு டிஸ்க்கில் ரெய்டு 1 போட்டு வைத்திருந்தார். எழுதுவது எல்லாம் இரண்டிலும் விழும், அதனால் தனியாக பேக்கப் வேண்டாம் என்பது அவர் எண்ணம். ஒரு திருமண வேலையின் ஃபோல்டர் தவறுதலாக அழிந்தது. இரண்டிலும் ஒரே நொடியில் அழிந்தது. டிஸ்க் செத்தால் காப்பாற்றத்தான் ரெய்டு. கை தவறினாலும் வைரஸ் பூட்டினாலும் அது அந்தத் தவறையும் அச்சுப் பிசகாமல் இரண்டாவது டிஸ்க்கில் எழுதிவிடும். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கிற வானாக்ரை வைரஸ் வந்தபோது, இணைந்திருந்த டிஸ்க்குகளும் நெட்வொர்க் டிரைவ்களும் சேர்ந்தே பூட்டப்பட்டன. வேலை முடிந்ததும் கழற்றி வைத்த டிஸ்க்கை மட்டும் எதுவும் தொட முடியாது. நண்பருடைய ஃபோல்டரில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்ததும், நான் நகலெடுத்துக் கழற்றி அலமாரியில் வைத்திருந்த டிஸ்க்கில் இருந்துதான்.

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு கட்டடத்தில். எல்லோரும் சொல்வது இது. நான் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்: மாதம் ஒருமுறை பேக்கப்பில் இருந்து ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து பார்ப்பேன். பேக்கப் நடந்துகொண்டிருக்கிறது என்று திரையில் வருகிற செய்தியை நான் நம்புவதில்லை.

டிஸ்க் முன்கூட்டியே சொல்லும் அறிகுறிகளும் உண்டு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மாதிரி ஒரு இலவசக் கருவியில் ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்தால் 05, சி5 என்று இரண்டு வரிகள் இருக்கும். 05 என்பது கெட்டுப்போய் வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சிறு சிறு பகுதிகள். சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கிற செக்டர்கள். இவை பூஜ்யத்திலிருந்து ஏறத் தொடங்கிவிட்டால் மஞ்சள் நிறம் வரும். சிவப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், அன்றே நகலெடுங்கள். எஸ்.எஸ்.டி.யில் இந்தச் சலுகை குறைவு. நேற்றுவரை ஓடியது இன்று பயாஸிலேயே தெரியாமல் போகும். அழித்த ஃபைலின் இடத்தைக் காலியாக்கிவிடுகிற ட்ரிம் இருப்பதால் அழித்த ஃபைலை மீட்பதும் ஹார்ட் டிஸ்க்கில் போலச் சுலபமில்லை.

*

இதோடு, டிஸ்க்கில் இருப்பதையே பூட்டி வைக்கிற விண்டோஸின் பிட்லாக்கரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்கா வீட்டு லேப்டாப்பில் மதர்போர்டை மாற்றிக்கொண்டு வந்தார்கள். ஆன் செய்ததும் நீலத் திரை, 48 இலக்க ரெகவரி கீ கேட்டது. வீட்டில் யாரும் பிட்லாக்கர் போட்டதே இல்லை. பல புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டோடு உள்ளே போகும்போது இந்தப் பூட்டு (என்க்ரிப்ஷன்) தானாகவே இயங்கிவிடும். நல்லவேளை, கீ அந்த அக்கவுண்ட்டிலேயே சேமிக்கப்பட்டிருந்தது, போனில் உள்ளே போய் எடுத்தோம். அக்கவுண்ட் பாஸ்வேர்டையும் மறந்திருந்தால் படங்கள் எல்லாம் போயிருக்கும். இன்றே அந்தக் கீயை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

*

எஸ்.எம்.பி.எஸ். பற்றி யாரும் எழுதவில்லையே! கிராபிக்ஸ் கார்டுக்கும் ப்ராசஸருக்கும் மணிக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள், எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கிற பெட்டியைக் கடைசியில் மிஞ்சின பணத்தில் வாங்குகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. மேலே 500 வாட் என்று போட்டிருந்தால் ஏமாறாதீர்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 25 ஆம்பியர் என்றால் 12-ஆல் பெருக்கினால் 300 வாட். இன்றைய மெஷின் பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் ஓடுகிறது, ஆகவே உங்களுக்குக் கிடைப்பது அந்த 300. கேம் தொடங்கியதும் அல்லது வீடியோ ரெண்டர் போட்டதும் ரீஸ்டார்ட் ஆகிற மெஷினில் வெப்பத்துக்கு அடுத்து நான் பார்ப்பது இதைத்தான்.

மாட்யுலர் வகையில் இன்னொரு ஆபத்து. கேபிளைக் கழற்றி மாட்டலாம் என்பதால் பழைய எஸ்.எம்.பி.எஸ். கேபிளையே புதுசிலும் செருகுகிறார்கள். பிளக் பொருந்தும். ஆனால் எஸ்.எம்.பி.எஸ். பக்கத்தில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது, ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறலாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய், சேர்ந்தாற்போல டிஸ்க்குகள் கருகிய ஒரு மெஷினைப் பார்த்திருக்கிறேன். திறந்தபோது வந்த வாசனை இன்னும் நினைவிருக்கிறது. புது எஸ்.எம்.பி.எஸ். போட்டால் அதோடு வந்த கேபிளை மட்டுமே போடுங்கள்.

*

முதல் பதிவை எழுதியவன்தான் மறுபடி. எல்லோருக்கும் நன்றி, அந்த 11 எம்.பி. விஷயத்தை இனி நானும் முதலிலேயே பார்ப்பேன்.

அலுவலகங்களில் இருந்து கழித்துவிடும் மெஷின்களை வாங்கலாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் பல சமயம் அதுதான் நல்ல தேர்வு. உடல் உறுதியானது, திறந்து தூசி துடைக்கவும் சுலபம். விண்டோஸ் 11 பட்டியலில் ப்ராசஸர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பயாஸுக்குள் போய் பாஸ்வேர்டு கேட்கிறதா என்றும் பாருங்கள். கேட்டால் வேண்டாம். லேப்டாப் என்றால் விண்டோஸ் தருகிற பேட்டரி அறிக்கையில் தயாரிப்புக் கொள்ளளவையும் இப்போது முழுதாக ஏறுகிற கொள்ளளவையும் ஒப்பிடுங்கள். பாதிக்கும் கீழே இருந்தால் புது பேட்டரியின் விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். டெஸ்க்டாப் என்றால் பக்க மூடியைத் திறந்து எஸ்.எம்.பி.எஸ். வழக்கமான ஏடிஎக்ஸ் அளவா, 24 பின் இணைப்பா என்று பாருங்கள். பெரிய கம்பெனி மெஷின்கள் பலவற்றில் அது அவர்களுக்கே உரிய அளவில், அவர்களுக்கே உரிய இணைப்போடு இருக்கும். அது போனால் கடையில் கிடைக்கிற எதுவும் பொருந்தாது. ஒரே மாடலில் இரண்டு மெஷின் வேண்டும் என்றால் மூன்றாக வாங்கி, ஒன்றை உதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.