பட்னி வெச்சர் பிட்கா: நடுப்பகுதி மட்டும் வேகவில்லை, உதவுங்கள்

பிளோவ்திவ் மருமகள்:
பட்னி வெச்சர், அதாவது பல்கேரியாவில் கிறிஸ்துமஸுக்கு முந்தின டிசம்பர் 24 இரவுக்கான பிட்கா என்ற வட்ட ரொட்டியை எங்கள் வீட்டில் இத்தனை வருடமும் மாமியார்தான் சுட்டார். இப்போது மணிக்கட்டு வலியால் அவரால் மாவு பிசைய முடியவில்லை. பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நோன்பு இரவு என்பதால் பால், முட்டை, தயிர், வெண்ணெய் எதுவும் சேர்க்கக் கூடாது.

இரண்டு முறை சுட்டுப் பார்த்துவிட்டேன். 'வகை 500' எனும் வெள்ளைக் கோதுமை மாவு 500 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 300 மி.லி., உலர் ஈஸ்ட் 7 கிராம், சூரியகாந்தி எண்ணெய் 40 மி.லி., உப்பு 10 கிராம், கொஞ்சம் சர்க்கரை. ஒரு மணி நேரம் வைத்திருந்து, நடுவில் 250 கிராம் உருண்டையும் சுற்றிலும் எட்டுச் சிறு உருண்டைகளுமாக 24 செ.மீ. தட்டில் பூப்போல அடுக்கினேன். 20 நிமிடம் கழித்து அடுப்பில் வைத்தேன். 200 டிகிரி, 30 நிமிடம். மேலே நல்ல பொன்னிறம். பிய்த்தால் நடு உருண்டை களிபோல விரலில் ஒட்டுகிறது. ஓரத்தில் ஒரு பக்கம் வெடித்தும் இருக்கிறது.

சோபியா ரொட்டிக்காரர்:
சகோதரி, பொருட்களின் அளவில் பிழை இல்லை. உங்கள் சமையலறை எவ்வளவு குளிராக இருக்கிறது?

பிளோவ்திவ் மருமகள்:
17 டிகிரிதான் அண்ணா.

சோபியா ரொட்டிக்காரர்:
அந்தக் குளிரில் ஒரு மணி நேரம் போதாது. கடிகாரத்தை விட்டுவிட்டு மாவைப் பாருங்கள். இரு மடங்காக உப்ப வேண்டும். தட்டில் அடுக்கிய பிறகும் அப்படித்தான். விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாக, பாதி மட்டும் மேலே வர வேண்டும். சட்டென்று எழும்பினால் இன்னும் நேரம் கொடுங்கள். பக்கம் வெடித்தது இந்த அவசரத்தால்தான்.

நடு உருண்டை மற்றவற்றைவிட மூன்று மடங்கு பெரியது. ஓரம் சிவந்தபோதும் அதன் உள்ளே சூடு போய்ச் சேரவில்லை. மாவை 120 கிராம் வீதம் ஏழாகப் பிரியுங்கள்: நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. ஒரே அளவு உருண்டைகள் ஆறுதான் ஒன்றைச் சுற்றி இடைவெளியில்லாமல் பொருந்தும். 180 டிகிரியில் 40 நிமிடம் சுடுங்கள். மேலே சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளால் மூடுங்கள். நடுவில் வெப்பமானியைச் செருகினால் 94 டிகிரி காட்ட வேண்டும். வெளியே எடுத்ததும் துணியால் போர்த்தி ஒரு மணி நேரம் தொடாதீர்கள். சூட்டோடு பிய்த்தால் வெந்த ரொட்டியும் பிசுபிசுக்கும்.

வர்ணா அக்கா:
ரொட்டிக்குள் ஒளித்து வைக்கும் அதிர்ஷ்ட நாணயத்தைக் கொதிநீரில் போட்டெடுத்து, தாளில் சுற்றி, ஓர் உருண்டையின் அடியில் செருகு தங்கச்சி. ஈஸ்ட் பயம் இருந்தால் சோடா பிட்காவும் செய்யலாம், பல வீடுகளில் அந்த இரவுக்கு அதுதான் வழக்கம். தயிர் இல்லாததால் சோடாவுடன் ஒரு கரண்டி வினிகர் சேர்க்க மறக்காதே, புளிப்பு இல்லாமல் சோடா சரியாகப் பொங்காது.

பிளோவ்திவ் மருமகள்:
25 காலை எழுதுகிறேன். முதல் உப்பலுக்கு இரண்டேகால் மணி நேரம் ஆனது. ரொட்டியைக் கவிழ்த்து அடியைத் தட்டி, காது வைத்துக் கேட்டுவிட்டுத்தான் மாமியார் தலையசைத்தார். மாமனார் பிய்த்தார்: கன்னி மரியாளுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, எங்கள் ஐந்து பேருக்கு ஐந்து. ஏழும் சரியாகப் போயின. நடுத்துண்டு விரலில் ஒட்டவில்லை அண்ணா. நாணயம் வீட்டின் பங்கில் இருந்தது.