ஸ்லோ குக்கர் பாட் ரோஸ்ட்: ஒன்பது மணி நேரம் வெந்தும் சப்பென்றே இருக்கிறது, உதவுங்கள்

கொலம்பஸ்வாசி:
வணக்கம். ஒஹாயோவுக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது. எனக்குக் குழந்தை பிறந்த வாரம், கொட்டும் பனியில் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு பெரிய பாத்திரத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். உள்ளே பாட் ரோஸ்ட். மாட்டுக்கறி, கேரட், உருளைக்கிழங்கு, கெட்டியான பழுப்புக் குழம்பு. மசாலா என்று சொன்னால் மிளகு மட்டும்தான். ஆனாலும் அந்த ருசி இன்னும் நாக்கிலேயே நிற்கிறது.

இப்போது அவருக்கு இடுப்பில் ஆபரேஷன் முடிந்து அடுத்த வாரம் வீடு திரும்புகிறார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அதே ரோஸ்ட்டைச் செய்து கொண்டுபோய்க் கொடுக்க ஆசைப்படுகிறேன். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடம் சமையல் குறிப்புக் கேட்க மனம் வரவில்லை.

இதுவரை இரண்டு தடவை செய்துவிட்டேன். கொழுப்பே இல்லாத துண்டாகப் பார்த்து 3 பவுண்டு வாங்கினேன். மின்சாரத்தில் மெதுவாக வேகவைக்கிற ஸ்லோ குக்கர், 6 குவார்ட் அளவு. கறி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், நாலு கப் இருக்கும். வெங்காயம், பூண்டு, கேரட், உருளை, உப்பு, மிளகு, பிரிஞ்சி இலை. லோவில் 9 மணி நேரம். குழம்பு வெந்நீர் மாதிரி இருக்கிறது. கறி நார் நாராகப் பிரிகிறது, ஆனால் வாயில் வைத்தால் பஞ்சு. கேரட் மட்டும் நறுக் நறுக்கென்று கடிபடுகிறது. இரண்டாம் தடவை கறியை வறுத்தும் போட்டேன், பெரிய வித்தியாசம் இல்லை. எங்கே தவறு?

நல்லிஎலும்பு:
பாக்கெட்டின் மேல் கறியின் பெயர் என்ன போட்டிருந்தது? வறுத்தேன் என்கிறீர்களே, எப்படி வறுத்தீர்கள் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

கொலம்பஸ்வாசி:
ஐ ஆஃப் ரவுண்ட். பார்க்க அழகாக, ஒரே சிவப்பாக இருந்தது. நம் வழக்கப்படி நன்றாகக் கழுவி, நான்ஸ்டிக் சட்டியில் எண்ணெய் விட்டுப் போட்டேன். தண்ணீர் விட்டுக்கொண்டு சாம்பல் நிறத்துக்கு வந்தது. அதை எடுத்துக் குக்கரில் வைத்துவிட்டு, சட்டியில் ஒட்டியிருந்ததைத் தேய்த்துக் கழுவிவிட்டேன். அப்புறம் மணிக்கு ஒரு தடவை திறந்து கிளறிவிட்டேன், அடிப்பிடிக்குமோ என்ற பயம்.

நல்லிஎலும்பு:
முதல் காரணம் கறிதான். ஐ ஆஃப் ரவுண்ட் என்பது மாட்டின் பின்தொடைச் சதை. அதில் கொழுப்பும் குறைவு, ஜவ்வும் குறைவு. அதை எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் சாறு வெளியேறி வறண்டுதான் போகும். பாட் ரோஸ்ட்டுக்கு நீங்கள் தேட வேண்டியது சக் ரோஸ்ட், அதாவது கழுத்தை ஒட்டிய தோள்பட்டைக் கறி. நடுநடுவே வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பும் ஜவ்வும் ஓடும். அழகில்லாத அந்தத் துண்டைத்தான் எடுக்க வேண்டும்.

நம் ஊர் ஆட்டுக்கால் சூப்பை நினைத்துப் பாருங்கள். ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் ஜெல்லி மாதிரி ஆடும். காலில் இருக்கிற ஜவ்வு உருகி ஜெலட்டின் ஆவதால்தான் அப்படி. சக்கில் இருக்கிற ஜவ்வும் அதேபோல உருகி, வெந்த கறியின் நார்களுக்கு நடுவே பரவி வழவழப்பைக் கொடுக்கிறது. பாட்டியின் குழம்பு உதட்டில் லேசாக ஒட்டியிருக்குமே, அதுதான் இது. ஜவ்வு இப்படி உருகுவது 160 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய பிறகு மெதுவாக நடக்கும். கறியின் நடுப்பகுதி 200 டிகிரியை நெருங்கி, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றால்தான் முழுதாக உருகும்.

கல்சட்டி:
இரண்டாவது காரணம் தண்ணீர். இந்தப் பாத்திரம் எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால் இது சட்டென்று புரியும். இதற்கு 1940இல் காப்புரிமை பெற்றவர் சிகாகோவைச் சேர்ந்த இர்விங் நாக்சன். அவருடைய அம்மா லித்துவேனியாவிலிருந்து வந்த யூதர். சோலன்ட் என்கிற பயறும் கறியும் சேர்ந்த குழம்பை வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஊர் பேக்கரி அடுப்பில் வைத்துவிட்டு, அடுத்த நாள் எடுத்துச் சாப்பிடுவார்கள் என்று அம்மா சொன்ன கதைதான் அவருக்குப் பொறி. ரைவல் நிறுவனம் அதை வாங்கி 1971இல் கிராக்-பாட் என்று கடைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் அது பீன்ஸ் வேகவைக்கும் பாத்திரமாகவே விற்பனையானது.

பயறு என்றால் தண்ணீரைக் குடிக்கும். கறி அதற்கு நேர்மாறு, தண்ணீரை விடும். மூடியில் படியும் ஆவி திரும்பவும் உள்ளேயே சொட்டுவதால் எதுவும் வற்றாது. நாலு கப் ஊற்றினால் கறியும் வெங்காயமும் விடுகிற சாறோடு சேர்ந்து ஐந்து கப்புக்கு மேல் ஆகிவிடும். 3 பவுண்டுக்கு ஒரு கப் போதும். கறி மூழ்கவே வேண்டாம்.

மூடியைத் திறக்காதீர்கள். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் இறங்கும் சூடு மறுபடி ஏற 15, 20 நிமிஷம் பிடிக்கும். கேரட் வேகாததற்கு அதுவும் ஒரு காரணம். அடிப்பிடிக்கும் என்ற பயமே வேண்டாம். இதன் சூடு அடியிலிருந்து மட்டுமல்ல, சுற்றுச் சுவரிலிருந்தும் மெதுவாக வருகிறது.

சுண்டக்குழம்பு:
நான் சொல்லப்போவது ருசியைப் பற்றி. ஸ்லோ குக்கருக்குள் சூடு கொதிநிலையைத் தாண்டாது. கறி பழுப்பாகி வறுத்த வாசனை வருவதற்கு அதைவிட வெகு அதிகமான சூடு வேண்டும். ஈரம் இருக்கிற வரைக்கும் சட்டியில் கறி அவியும், வறுபடாது. உங்களுக்குச் சாம்பல் நிறம் வந்தது அதனால்தான். முந்தின நாள் ராத்திரியே 3 பவுண்டு கறிக்கு 2 டீஸ்பூன் தூள் உப்பைத் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். உப்பு உள்ளே இறங்கும், மேல்தோல் காயும். காலையில் காகிதத் துண்டால் ஒற்றியெடுத்து, இரும்புச் சட்டியில் ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிஷம் தொடாமல் விடுங்கள். தானாக விட்டு வரும்போது திருப்புங்கள். நிறம் நம் சுக்கா வறுவல் நிறத்துக்கு வர வேண்டும்.

இனி முக்கியமானது. சட்டியில் ஒட்டியிருந்த பழுப்பைக் கழுவி ஊற்றினீர்கள் என்று படித்தபோது எனக்கு மனசு துடித்துவிட்டது. ருசியே அதில்தான் இருக்கிறது. அதே சட்டியில் வெங்காயத்தை வதக்கி, 2 டேபிள்ஸ்பூன் தக்காளி பேஸ்ட் போட்டு, செங்கல் நிறத்துக்கு மாறும் வரை கிளறுங்கள். பிறகு கடையில் கிடைக்கும் உப்புக் குறைந்த கறிச்சாறு (பீஃப் பிராத்) ஒரு கப் விட்டுக் கரண்டியால் சுரண்டினால் எல்லாம் கரைந்து வந்துவிடும். அதில் ஒரு டேபிள்ஸ்பூன் வூஸ்டர் சாஸ், ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ். வூஸ்டர் சாஸ் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், புளியும் நெத்திலியும் போட்டிருக்கும். நமக்கு அந்நியமான ருசி இல்லை.

வெந்த பிறகு கறியை எடுத்துவிட்டுச் சாறை வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பை நீக்கி, அடுப்பில் பாதியாகச் சுண்டவையுங்கள். மறுநாள் மீன்குழம்பைச் சுண்டவைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். உப்பைக் கடைசியில், சுண்டிய பிறகு பாருங்கள். இறக்கும்போது ஒரு டீஸ்பூன் வினிகர்.

மிஷிகன் அக்கா:
காய் விஷயத்த நான் சொல்றேம்மா. இந்தக் குக்கர்ல கறியவிடக் காய் தாமதமாத்தான் வேகும், நம்ம கணக்குக்கு நேர்மாறு. அதனால கேரட்டும் உருளையும் அடியில, ஓரத்துல போடு. கறிய மேல வை. கேரட்ட ரெண்டு விரல் தடிமனுக்கு வெட்டு. உருளை யூகான் கோல்டு இல்லன்னா சிவப்புத் தோல் வாங்கு. ரசெட் கரைஞ்சு மாவாயிடும்.

இன்னொண்ணு. மிசிசிப்பி ரோஸ்ட்னு ஒண்ணு எல்லாரும் சொல்லுவாங்க. ரான்ச் மசாலாத் தூள் பாக்கெட், கிரேவி பாக்கெட், முழு வெண்ணெய்க் கட்டி, ஊறவச்ச மிளகாய். நல்லாத்தான் இருக்கும், ஆனா அந்தப் பாக்கெட்ல உப்பு ஏராளம். ஆபரேஷன் முடிஞ்சு வர்ற பெரியவங்களுக்கு அது வேண்டாம்.

புதுசமையல்:
இழைக்கு நடுவே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் மாட்டுக்கறி கிடையாது. ஆட்டுக்கறியில் செய்யலாமா? ஃப்ரீசரில் இருப்பதை அப்படியே போடலாமா?

நல்லிஎலும்பு:
ஆட்டுத் தோள்பட்டை அருமையாக வரும், முறை இதுவே. ஆனால் உறைந்த கறியை அப்படியே போடவே கூடாது. குக்கர் மெதுவாகச் சூடேறுவதால் கறி 40 டிகிரிக்கும் 140 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் நடுவே வெகு நேரம் கிடக்கும், கிருமி பெருகுகிற சூடு அது. முதல் நாளே ஃப்ரிட்ஜில் இறக்கிவைத்து உருக விடுங்கள்.

கொலம்பஸ்வாசி:
எல்லோருக்கும் நன்றி. இன்று சனிக்கிழமை, ஒத்திகை. சக் ரோஸ்ட், 3 பவுண்டு. நீங்கள் சொன்னபடியே எல்லாம் செய்தேன். சட்டியைச் சுரண்டியபோது வந்த வாசனையிலேயே பாட்டியின் வீடு ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் இப்போது ஒரு பிரச்சினை. லோவில் 8 மணி நேரம் முடிந்து முள்கரண்டியைக் குத்தினால் கறி விறைப்பாக, ரப்பர் மாதிரி எதிர்க்கிறது. வெந்தது அதிகமாகிவிட்டதா? நிறுத்திவிடவா?

நல்லிஎலும்பு:
நிறுத்தாதீர்கள்! பாதிப் பேர் தோற்பது இந்த இடத்தில்தான். சக் கடினமாக இருந்தால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம், ஜவ்வு உருகி முடியவில்லை. மூடியைப் போட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். முள்கரண்டியைக் குத்தித் திருகும்போது எந்த எதிர்ப்பும் இல்லாமல் சுழல வேண்டும். அதுதான் அடையாளம், கடிகாரம் இல்லை. அவசரமென்றால் ஹைக்கு மாற்றலாம். பெரும்பாலான குக்கர்களில் லோவும் ஹையும் கடைசியில் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் போய் நிற்கும், போய்ச் சேரும் வேகம்தான் வேறு.

கொலம்பஸ்வாசி:
இரண்டு மணி நேரம் ஆனது. முள்கரண்டி திருகியதும் கறி தானாகவே விலகிக் கொடுத்தது! உள்ளே ஈரமாக, பளபளப்பாக இருக்கிறது. சாறைச் சுண்டவைத்தேன், கரண்டியின் பின்பக்கத்தில் படிந்து நிற்கிறது. கேரட்டும் வெந்துவிட்டது. என் கணவர் நின்றபடியே பாதியைச் சாப்பிட்டுவிட்டார். பாட்டி வந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாளே செய்து வைக்கலாமா?

கல்சட்டி:
வைக்கலாம், மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். கறியைச் சாறோடு தாழ்வான பாத்திரங்களுக்கு மாற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் கொழுப்பு மேலே தட்டாக உறைந்திருக்கும், கையாலேயே எடுத்துவிடலாம். குளிர்ந்த கறியை நாருக்குக் குறுக்கே வெட்டினால் துண்டு உடையாது. சூடாக்குவதை அடுப்பில் செய்யுங்கள். ஸ்லோ குக்கரில் வேண்டாம், மெதுவாகச் சூடேறும்.

கொலம்பஸ்வாசி:
கொடுத்துவிட்டு வந்தேன். நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்கு வந்த மாதிரியே பாத்திரத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனேன். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து குழம்பை முதலில் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் என் கையைப் பிடித்து, "என் அம்மா செய்கிற மாதிரி இருக்கிறது, ஒன்றுதான் குறைகிறது" என்றார். என்ன என்று கேட்டேன். காலையில் மீந்துபோன கறுப்புக் காபியை அரை கப் அதில் ஊற்றிவிடுவாராம்.

அடுத்த மாதம் மறுபடி செய்வதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் சிக்கரி கலந்த ஃபில்டர் காபிதான் இருக்கிறது. அதை ஊற்றலாமா?

சுண்டக்குழம்பு:
தாராளமாக. முதல் டிகாக்ஷன் வேண்டாம், சுண்டும்போது கசப்பு ஏறிவிடும். இரண்டாம் டிகாக்ஷன் அரை கப், பால் சர்க்கரை இல்லாமல். கறிச்சாறை அதே அளவு குறைத்துக்கொள்ளுங்கள்.