பாலக்கோடு பக்கம் 3 ஏக்கர்: முழுக்க தக்காளியா, மல்பெரியும் மாமரமுமா?

கேள்வி
பாலக்கோட்டுப் பக்கம் 3 ஏக்கர் செம்மண் காடு, ஒரே ஒரு போர்வெல். ஐப்பசியில் ரெண்டு இஞ்ச் தண்ணி, சித்திரையில் முக்கால் இஞ்ச்கூட தேறாது. இந்தப் பகுதியில் பெரும்பாலும் தக்காளிதான். நாமும் அதையே போடலாமா, இல்ல பட்டுப்புழு வளர்க்க 1 ஏக்கர் மல்பெரி, மீதி மா என்று பிரிக்கலாமா?

பதில் 1
சித்திரைத் தண்ணியை வைத்துக் கணக்குப் போடுங்க, ஐப்பசித் தண்ணியை வைத்து இல்ல. சொட்டுநீர் போட்டாலும் கோடையில் ஒரு ஏக்கருக்கு மேல் தாங்காது. ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டிகளில் தக்காளி வரத்து குவிந்தால் பறிப்புக் கூலிக்கே கட்டாது. வி1 ரக மல்பெரி நல்லா வந்த பிறகு, ஏக்கருக்கு ஒரு பேட்சில் 250 முட்டைத்தொகுதி (ஒரு தொகுதி என்பது ஒரு தாய் அந்துப்பூச்சி இட்ட முட்டைகள்) வளர்க்கலாம், வருசத்துக்கு 5 பேட்ச். 100 தொகுதிக்கு 60 கிலோவுக்குக் கீழே பட்டுக்கூடு வந்தால் இலையிலோ புழு மனையிலோ (புழு வளர்க்கும் கொட்டகை) கோளாறு. கூடு விற்க தர்மபுரி அங்காடி பக்கம்தான்.

பதில் 2
மருந்தை யாரும் சொல்லலையே! பக்கத்துக் காட்டில் தக்காளிக்கு அடிக்கிற மருந்து காற்றில் வந்து இலையில் படிந்தால் போதும். புழு தலையைத் தூக்கி ஆட்டும், பச்சையாகக் கக்கும், சுருண்டு விழும். அதற்கப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது. தக்காளி எந்தத் திசையில் இருக்கு?

கேட்டவர்
மேற்கு வரப்பை ஒட்டி.

பதில் 3
அப்போ மல்பெரியைக் கிழக்குக் கடைசியில் வைங்க. ஆடிக் காற்று மேற்கிலிருந்து வரும். நடுவில் மா. 10 மீட்டருக்கு 10 மீட்டர் என்றால் ஏக்கருக்கு 40 கன்று. பெங்களூரா ரகம் மட்டும் வைத்தால் கூழ் ஆலை சொல்றதுதான் விலை. நாலில் ஒரு பங்காவது செந்தூரா, பங்கனப்பள்ளி கலந்துக்குங்க. கன்று வளரும்வரை இடையில் மானாவாரியா ராகி, எட்டு வரிசைக்கு ஒரு வரிசை அவரை. மழை பிந்தினால் கொள்ளு.

பதில் 2
மாவுக்கும் பூக்கிறப்போ தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்கணுமே?

பதில் 3
அது மார்கழி, தை. அப்போ காற்று கிழக்கிலிருந்து, மல்பெரிக்கு எதிர்ப்பக்கம் போகும். ஆனாலும் அடிக்கிற வாரத்தில் புழு மனையில் இல்லாதபடி பேட்சைத் தள்ளி வைங்க. மாவில் சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், வெயில் ஏறும் முன் அடிக்கணும். மாமரம் உயரும்வரை தக்காளி மருந்துக் காற்றைத் தடுக்க மேற்கு வரப்பில் அகத்தி நெருக்கமா நாலு வரிசை விதைச்சிடுங்க.