புதுப்பிப்பு: சென்னையில் மாலை 5 முதல் கடைசி ரயில் வரை

தி.நகர், பர்மா பஜார், பெசன்ட் நகர் மூன்றையும் ஒரே மாலையில் சுற்றும் திட்டம் முந்தைய இழையில் இருந்தது. பெசன்ட் நகரை எடுத்துவிடுங்கள். அது எதிர்த்திசை, போக்குவரத்து நெரிசலிலேயே இரவு கரைந்துவிடும்.

மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நசுங்க வேண்டாம். 2023இல் திறந்த ஆகாய நடைபாதை தி.நகர் பஸ் ஸ்டாண்டுவரை போகிறது. ஜீன்ஸ், சட்டைக்கு அளவு நாடா கொண்டுபோங்கள். நடைபாதைக் கடையில் போட்டுப்பார்க்க இடமில்லை, லேபிளில் உள்ள சைஸை நம்ப முடியாது. இடுப்பும் காலின் உள்பக்க நீளமும் அளந்தால் போதும்.

மாம்பலத்திலிருந்து மின்சார ரயிலில் கடற்கரை ஸ்டேஷன். எதிரே பர்மா பஜார் பகுதியில் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் கடைகள். நூடுல்ஸ், முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், நொறுக்கிய பேஜோ (மொறுமொறுப்பான வறுவல்) எல்லாம் கையாலேயே பிசைந்து தருவார்கள். காரத்தைப் பிசையும் முன்பே சொல்லுங்கள், பிறகு குறைக்க வழியில்லை. வாழைத்தண்டு சூப்பைத் தவறவிடாதீர்கள். பசியோடு போய் முதலில் முட்டை மசாலாவை அடுக்கினால் அத்தோ இறங்காது!

பப்புக்குப் போக எத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்று பலர் கேட்டிருந்தீர்கள்: தமிழ்நாட்டில் மது அருந்த 21 வயது ஆகியிருக்க வேண்டும். கல்லூரி அடையாள அட்டையில் பிறந்த தேதி இல்லாவிட்டால் வாசலிலேயே நிற்பீர்கள்.

மெட்ரோவில் கடைசி ரயில் புறப்படுவது இரவு 11 மணியளவில். வழியில் வண்டி மாற வேண்டியிருந்தால் 10:15க்கே கிளம்புங்கள். மொபைலில் எடுக்கும் க்யூஆர் டிக்கெட்டுக்கு 20% தள்ளுபடி உண்டு.